ஓடாத ரயிலுக்கு எதற்குக் கண்ணாடிப் பெட்டி?

இந்தப் பதிவைப் படித்த பிறகு என் நண்பர்கள் சிலர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. இனிமேல் யாருக்காகவும் மென்று விழுங்க முடியாது. மாதிரி ரயில் சேகரிப்பவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பலர் ரயிலைச் சேகரிக்கவில்லை. அட்டைப் பெட்டியைச் சேகரிக்கிறார்கள். ரயிலை வாங்கி ஓட்டாமல் பூட்டி வைப்பது ரயிலுக்கும் கெடுதல், நமக்கும் கெடுதல், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கெடுதல். இன்று இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன்.

மாதிரி ரயில் என்றதும் இங்கே வந்து படிக்கும் அன்பர்கள் பலருக்குத் திருவிழாக் கடையில் விற்கும் பேட்டரி ரயில்தான் நினைவுக்கு வரும். அது வேறு. நான் சொல்வது நிஜ ரயிலை அளவெடுத்து, எல்லாப் பாகத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்தது. உலகத்தில் அதிகம் புழங்கும் அளவுக்கு ஹெச்ஓ என்று பெயர். நிஜத்தில் 87 அடி என்றால் மாதிரியில் 1 அடி. இரண்டு தண்டவாளக் கம்பிக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர். அந்தக் கம்பிகளிலேயே 12 வோல்ட் மின்சாரம் போகும். சக்கரம் வழியாக என்ஜினுக்குள் இருக்கும் மோட்டாருக்கு அது ஏறும். ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். இப்போது வரும் என்ஜின்களில் டிசிசி என்ற முறை வந்துவிட்டது. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு சின்ன சர்க்யூட், அதற்கு ஓர் எண். ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின் நின்றாலும் ஒன்றை மட்டும் கூப்பிட்டு நகர்த்தலாம், ஹாரன் அடிக்கச் சொல்லலாம்.

இத்தனை வேலைப்பாடும் எதற்காக? ஓடுவதற்காக. இதைத்தான் நம் சேகரிப்பாளர்கள் மறந்துவிட்டார்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு இரண்டு பேராவது ஒரு படம் போடுவார்கள். சீல் பிரிக்காத பெட்டி. கீழே, "ஒருமுறைகூட ஓட்டாதது" என்று ஒரு வரி. பத்துப் பேர் கைதட்டும் பொம்மை போடுவார்கள். ஒருமுறை நான், "தம்பி, ஓட்டிப் பார்த்தீர்களா, சத்தம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "ஓட்டினால் விலை பாதியாகிவிடும் சார்" என்று பதில் வந்தது. நான் கேட்டது ரயிலைப் பற்றி. அவர் சொன்னது பங்குச் சந்தையைப் பற்றி.

பீரோவில் வைத்த பட்டுப்புடவையை நம் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். கட்டாமல் மடித்தே வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எடுத்து, உதறி, மடிப்பை மாற்றி வைப்பார்கள். ரயிலும் அப்படித்தான். என்ஜினுக்குள் பல்சக்கரங்களில் கிரீஸ் இருக்கிறது. ஓடாமல் பல வருஷம் கிடந்தால் அது மெழுகு மாதிரி இறுகிவிடும். பிறகு ஒரு நாள் ஆசையாகக் கரண்ட் கொடுத்தால் மோட்டார் முக்கி முனகிச் சூடாகும். வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் போட்டிருக்கும் ரப்பர் வளையம் வெடித்துவிடும். பெட்டிக்குள் வைத்த பஞ்சு நுரையே சில நேரம் பொடிந்து பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தகர வண்டிகளில் துரு வேறு. நவீன ரயில் என்றால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் சர்க்யூட் வேலை செய்கிறதா என்பதே ஓட்டாமல் தெரியாது. வாரண்டி முடிந்து ஐந்து வருஷம் கழித்துப் பெட்டியைப் பிரித்தால், கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாத பிள்ளையாக நிற்கும். அழகான பெட்டிக்குள் இருப்பது ரயிலா இரும்புத் துண்டா என்று தெரியாமலே அதற்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஓட்டினால் தேயும் என்கிறார்கள். தேயும்தான். மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும், சக்கரத்தின் முலாம் போகும். ஆனால் பிரஷ்ஷை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம். எல்லா ஊரிலும் மிக்ஸி மோட்டார் பழுது பார்க்கிறவர் இருக்கிறார். ஓட்ட முடியாத ரயில்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1930களில் வார்த்த சில துத்தநாக வண்டிகளில் ஈயக் கலப்பு இருந்ததால் உலோகமே உள்ளுக்குள் வெடித்து உதிரும். அதற்கு மருந்து கிடையாது. தொடாமல் வைப்பதுதான் மரியாதை. நிஜமாகவே நெருப்பு மூட்டி நீராவியில் ஓடும் மாதிரிகளை பாய்லர் சோதிக்காமல் ஓட்டக்கூடாது. நோயாளிக்கு ஓய்வு கொடுங்கள். நல்ல உடம்போடு இருக்கிறவனை எதற்குப் படுக்க வைக்கிறீர்கள்?

இந்தத் தொழிலின் பிறப்பைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859ல் தொடங்கிய மெர்க்லின் கம்பெனி, 1891ல் லைப்சிக் சந்தைக்கு ஒரு ரயிலைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் பொம்மை ரயில்கள் இருந்தன. அவற்றில் பலவற்றைத் தரையில் கையால் தள்ள வேண்டும். மெர்க்லின்காரர்கள் எட்டு வடிவத்தில் வளையும் தண்டவாளத்தையும் சேர்த்து விற்றார்கள். கேஜுக்கு எண் கொடுத்தார்கள். இந்த வருஷம் ஒரு வட்டம் வாங்கு, அடுத்த வருஷம் ஒரு கிளைப்பாதை வாங்கு, அதற்கடுத்து ஒரு ஸ்டேஷன். தண்டவாளம் நீண்டுகொண்டே போகும், ரயிலும் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920ல் சாவி கொடுத்து ஓடும் ரயிலைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இதே கணக்கில்தான். இதைத் தொடங்கி வைத்தவர்கள் யாரும் பெட்டியை விற்கவில்லை. ஓட்டத்தை விற்றார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் இரண்டு சொல் உண்டு. குழந்தை விளையாடும் பொம்மைக்கு 'ழுவே'. அளவு சுருக்கிச் செய்த மாதிரிக்கு 'மொதேல் ரெத்யுய்'. இரண்டும் வேறு வேறு அலமாரி. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு திரும்பிய என் தாய்மாமா எனக்கு ஒரு ழுவெஃப் ரயில் செட் கொண்டுவந்தார். ஷாம்பாஞோல் என்ற மலையூரில் செய்த பிளாஸ்டிக் ரயில். பிரெஞ்சு ரயில்வேயின் என்ஜின், மூன்று பெட்டி, ஒரு வட்டத் தண்டவாளம். அறுபது வருஷமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று முறை பிரஷ் மாற்றியிருக்கிறேன். அதன் பெட்டி எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

தமிழில் நமக்கு எல்லாமே பொம்மை. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன பெரியப்பா, இந்த வயசுல பொம்மை வச்சு விளையாடுறீங்களா?" என்று சிரிப்பார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அரசாங்கமே அப்படித்தான் நினைக்கிறது. சுங்கத் தீர்வை அட்டவணையில் 9503 என்று ஒரு தலைப்பு. மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, அளவு சுருக்கிய மாதிரி எல்லாம் அந்த ஒரே தலைப்பில் கிடக்கின்றன. 2020 பட்ஜெட்டில் அதன் இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023ல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழில் வளர வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு நம் ஆட்கள் பொம்மை செய்யட்டும். ஆனால் பல்சக்கரமும் சர்க்யூட்டும் வைத்து நுணுக்கமாகச் செய்த ரயில் என்ஜினும் கிலுகிலுப்பையும் ஒரே கோப்பில் வந்தால், கோப்பைப் பிரித்துப் போடத் தெரியாத எழுத்தரைத்தான் குறை சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் தபால் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இந்த வரியால் ஒரு பக்க விளைவும் உண்டு. வெளிநாட்டில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பது இங்கே வந்து சேர்வதற்குள் இருநூறைத் தொட்டுவிடுகிறது. அத்தனை காசு கொடுத்து வாங்கியதை ஓட்ட மனசு வராது. நகை மாதிரி பூட்டி வைக்கத் தோன்றும். ஓட்டாதவர்களின் எண்ணிக்கை கூட இதுவும் ஒரு காரணம். ஆனால் நகையைக்கூட நம் பெண்கள் கல்யாணத்துக்காவது போட்டுக்கொள்கிறார்கள்.

ரயில்வேக்காரர்கள் மட்டும் இதை ஒருபோதும் பொம்மை என்று சொன்னதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பயிற்சிப் பள்ளியில் மாடல் ரூம் என்று ஒன்று இருக்கும். சின்னத் தண்டவாளம், சின்னச் சிக்னல், சின்ன ஸ்டேஷன்கள். அங்கே தப்பு செய்து கற்றுக்கொண்ட பிறகுதான் நிஜத் தண்டவாளத்துக்கு அனுப்புவார்கள். ஓடினால்தான் அதில் பாடம் இருக்கிறது.

என்ன பாடம் என்று கேட்கிறீர்களா? நம் காலத்தில் புதுக்கோட்டையில் ரயிலேறி ராமேஸ்வரம் போனவர்கள் யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி அரை மணி நேரம் சும்மா நிற்கும். கீழே இறங்கி வேப்பமர நிழலில் நிற்போம். "கிராசிங்" என்று யாரோ சொல்வார்கள். அப்போது அது நமக்கு எரிச்சல். ஒற்றைப் பாதையில் எதிரே வரும் வண்டி வந்து சேரும்வரை இந்த வண்டி கிளைப்பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டும். எதிர் வண்டி கொண்டுவரும் டோக்கன் கைக்கு வராமல் இந்த டிரைவர் நகர முடியாது. பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல்பையில் அந்த டோக்கன் இருக்கும். ஓடும் வண்டியிலிருந்து தோளில் வாங்கி மாட்டுவார்கள். கைகாட்டி இறங்கும். அப்புறம்தான் ஊதல். இதைப் புகைப்படத்தில் காட்ட முடியாது. கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும் பத்து என்ஜினைக் காட்டியும் சொல்ல முடியாது. இரண்டு ரயிலை ஒரே பாதையில் எதிரெதிராக ஓட்டி, ஒன்றை ஒதுக்கி, மற்றொன்றை விட்டால், எட்டு வயதுப் பையனுக்குப் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இப்போது என் உண்மையான வழக்குக்கு வருகிறேன். நம் மீட்டர் கேஜ் போய்விட்டது.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929ல் ரயில் வந்தது. மறுவருஷம் மானாமதுரை வரை நீண்டது. இரண்டு கம்பிக்கும் நடுவே சரியாக 1 மீட்டர். அன்றைய தென்னிந்திய ரயில்வேயின் முதுகெலும்பே அந்த ஒரு மீட்டர்தான். 1992ல் நாடு முழுவதையும் ஒரே கேஜ் ஆக்கும் திட்டம் தொடங்கியது. இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷத்துக்குள் புதுக்கோட்டைப் பாதையும் 1,676 மில்லிமீட்டர் பிராட்கேஜ் ஆகிவிட்டது. அறந்தாங்கிப் பாதை இன்னும் சில வருஷம் தாக்குப்பிடித்து, பிறகு அதுவும் மாறியது. சென்னையில் 1931லிருந்து ஓடிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004ல் நின்றது. நான் சின்ன வயதில் ஏறிய பேரளம்–காரைக்கால் ரயில் 1898ல் வந்து 1980களில் நிறுத்தப்பட்டது. கம்பியையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே பிராட்கேஜ் போட்டிருக்கிறார்கள்.

மாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. புதுக்கோட்டையில் ஏறினால் கேஜ் மாறாமல் இந்தியாவின் பல மூலைகளுக்கும் போகலாம் என்பது பெரிய வசதி. ஆனால் போனதை எப்படி வைத்திருக்கிறோம்? சில ஊர்களில் ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி ஒரு பழைய என்ஜினை நிறுத்தி, வருஷத்துக்கு ஒருமுறை கறுப்புப் பெயிண்ட் அடிக்கிறோம். உள்ளே காக்கை கூடு கட்டுகிறது. அதைப் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு பெரிய இரும்பு தெரியும். ரயில் தெரியாது. அலமாரியில் பெட்டியை அடுக்குகிறவருக்கும் வாசலில் என்ஜினை நட்டு வைக்கிறவருக்கும் புத்தி ஒன்றுதான்.

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அங்கே மலைகளுக்கு நடுவே ஓடும் ரேத்தியன் ரயில்வேயும் நம்முடையது போல் மீட்டர் கேஜ்தான். 2008ல் யுனெஸ்கோ அதன் இரண்டு பாதைகளைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. பெமோ என்ற கம்பெனி அந்த ரயில்களை 87ல் ஒரு பங்காக, 12 மில்லிமீட்டர் கேஜில் செய்து விற்கிறது. அந்த ஊர்ப் பையன் காலையில் ஏறிப்போன ரயிலையே மாலையில் தன் மேஜைமேல் ஓட்டலாம். நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்? 2005லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதன் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்தவர் ரோமான் ஆப்ட் என்ற சுவிஸ்காரர். அதன் பழைய என்ஜின்கள் வின்டர்தூரில் செய்தவை. அவர்களிடம் வாங்கிய என்ஜின் மாதிரியையே பார்த்து, நம் பொன்மலைத் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டில் புதிய நீராவி என்ஜின்களைச் செய்து மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நிஜ என்ஜினையே செய்யத் தெரிந்த ஊர் நம்முடையது. அதன் சின்ன மாதிரி ஒன்றைக் கடையில் நான் கண்டதில்லை.

கிடைக்காததைச் செய்துகொள்ள வேண்டியதுதான். நான் செய்தேன். ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை இழுத்த ஒய்டிஎம்4 டீசல் என்ஜின். மீட்டர் கேஜை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். டிடி என்று இன்னொரு அளவு உண்டு. 120ல் ஒரு பங்கு, அதன் கேஜ் 12 மில்லிமீட்டர். ஆகவே பழைய டிடி டீசல் என்ஜின் ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி, மேல் உடம்பைப் பித்தளைத் தகட்டில் வெட்டி ஈயம் பற்ற வைத்தேன். ஒரு சாண் நீளம். பெட்டிகள் கார்டுபோர்டும் பிளாஸ்டிக் ஷீட்டும். மரங்களுக்குத் தேங்காய் நார், மண்ணுக்கு எங்கள் வல்லத்திராக்கோட்டைச் செம்மண்ணையே சலித்துப் போட்டேன். எங்கள் ஊருக்கு நிஜத்தில் ரயில் கிடையாது. என் வீட்டு மாடியில் இருக்கிறது. பணக்காரர்கள் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொள்கிறேன். குவாலியர் அரண்மனையில் சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளி ரயில் ஓடியது, விருந்தாளிகளுக்குச் சுருட்டும் மதுவும் சுமந்துகொண்டு. அது மகாராஜா கதை. நம் கதைக்குப் பித்தளைத் தகடும் பொறுமையும் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மகாராஜாகூட ரயிலை ஓடத்தான் விட்டார்.

கடையில் கிடைக்கும் இந்திய பிராட்கேஜ் மாதிரிகளை வைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். ஹெச்ஓ தண்டவாளம் ஐரோப்பிய கேஜுக்குச் சுருக்கியது. நம் பிராட்கேஜை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதை 16.5ல் நிற்க வைப்பது, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதற்கு நேர்மாறு. சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நம் மீட்டர் கேஜ் 12ல் கச்சிதமாக உட்காருகிறது. இந்த ஒரு விஷயத்தில் அளவே நம் பக்கம் இருக்கிறது. விடலாமா?

ஓடும் மாதிரி ரயிலுக்கு மக்கள் வருவார்களா என்ற சந்தேகமும் வேண்டாம். புனே கோத்ரூடில் பாவுசாகேப் ஜோஷி 1998ல் ஒரு மினியேச்சர் ரயில்வே மியூசியம் திறந்தார். ஒரு சின்ன நகரத்தையே செய்து, அதில் பல வகை ரயில்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001ல் மினியாத்தூர் வுண்டர்லேண்டைத் தொடங்கினார்கள். உலகத்திலேயே பெரிய மாதிரி ரயில்வே என்று பெயர் வாங்கிவிட்டது. அங்கே நாள் முழுக்க ஆயிரம் ரயிலுக்கு மேல் ஓடுகிறது. தேய்ந்தால் பழுது பார்க்கத் தனியாகப் பட்டறையே வைத்திருக்கிறார்கள். ஓட்டினால் தேயுமே என்று அவர்கள் பூட்டி வைத்திருந்தால் அந்த நகரத்துக்கு அத்தனை பேர் தேடி வந்திருப்பார்களா?

நமக்கு இடமும் இருக்கிறது, கதையும் இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910லிருந்து நம் மியூசியம் இருக்கிறது. ஒரு மூலையில் பத்தடி மேஜை போட்டு, கீரனூர், புதுக்கோட்டை, நமணசமுத்திரம், திருமயம் என்று நான்கு ஸ்டேஷனை மட்டும் செய்து ஒரு மீட்டர் கேஜ் வண்டியை ஓட விட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த மேஜையை விட்டு நகர மாட்டார்கள். பாம்பன் பாலம் வேண்டுமா? 1914ல் திறந்த பழைய பாலம் 2,065 மீட்டர். 87ல் ஒரு பங்கு என்றால் சுமார் 24 மீட்டர். ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம். நடுவில் தூக்கும் பகுதியை மட்டும் செய்தால் ஒரு மேஜை போதும். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பருக்குப் பிறகு ரயில் ஓடவில்லை. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். இரும்பைத் துண்டு போட்டு விற்பதற்கு முன்னால், அது எப்படித் திறந்தது, எப்படி மூடியது என்று ஒரு பிள்ளையாவது தன் கையால் இயக்கிப் பார்க்க வேண்டாமா?

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். ஊரும் பேரும் வேண்டாம். அலமாரி நிறைய ரயில் பெட்டிகள். பேரனைக்கூடத் தொட விட்டதில்லை. "கை வைக்காதேடா, அதெல்லாம் விலை உசந்தது" என்று விரட்டுவார். அவர் போன மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் பழைய சாமான் கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பேரன் திண்ணையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடி அவன் பார்த்ததே இல்லாத ஒன்று போகிறது. அவனுக்கு என்ன வலிக்கப் போகிறது? தாத்தா காப்பாற்றிய விலை, கிலோ கணக்கில் முடிந்தது.

அதே மாதிரி நம் தலைக்குள்ளும் ஓர் அலமாரி பூட்டிக் கிடக்கிறது. மீட்டர் கேஜில் டிரைவராக, கார்டாக, ஸ்டேஷன் மாஸ்டராக, கேங்மேனாக இருந்தவர்கள் இன்னும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். பலருக்கும் எழுபது தாண்டிவிட்டது. என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் பிளாட்பாரத்தின் எந்தக் கோடியில் நின்றது, கேட்கீப்பர் வீட்டுக்கு என்ன வர்ணம், எந்த வளைவில் டிரைவர் ஊதல் கொடுப்பார் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர்கள் தலையில்தான் இருக்கிறது. ஓடும் மாதிரி ஒன்று கண்முன்னே இருந்தால்தான் அது வெளியே வரும். போன மாதம் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் என் மாடிக்கு வந்தார். ஐந்து நிமிஷம் சும்மா பார்த்தார். பிறகு, "அண்ணே, நீங்க கைகாட்டியத் தப்பான பக்கம் நட்டிருக்கீங்க" என்றார். அன்றைக்கே பிடுங்கி மாற்றினோம். கண்ணாடி அலமாரியைப் பார்த்திருந்தால், "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போயிருப்பார்.

ஆகவே சேகரிப்பாளர்களே, பெட்டியைப் பிரியுங்கள். இறுகிய கிரீஸைத் துடையுங்கள். தண்டவாளத்தில் வையுங்கள். பேரன் பேத்தி கையில் ரெகுலேட்டரைக் கொடுங்கள். ஒரு தடவை கவிழ்ப்பார்கள். கவிழ்க்கட்டும், ஒட்டிக்கொள்ளலாம். வரி போடுகிறவர்களே, 9503ஐ ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மியூசியத்துக்குப் பொறுப்பானவர்களே, ஒரு மேஜை கொடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு, கரண்ட் இருந்தால், என் மாடியில் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் புறப்படும். ஊரில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். உங்களிடம் பழைய அட்டை டிக்கெட், கால அட்டவணை, ஸ்டேஷன் போட்டோ எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எதுவும் இல்லை என்றாலும் வாருங்கள். என் ஸ்டேஷனில் எது எது இடம் மாறி இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.